சிட்னி – லண்டன்: தூரம் ஏன் ஆளுக்கொரு கணக்கு? எந்த வழியில் போனால் நேரம் குறையும்?

ஹோம்புஷ்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலையில் லண்டனில் பெரியம்மாவின் பேத்திக்குக் கல்யாணம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. அம்மாவுக்கு வயது 74, முழங்கால் வருத்தம் உண்டு, மற்றபடி ஆள் திடம். எனக்கு வந்திருக்கிற சிக்கல் என்னவென்றால் இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 17,016 கிலோமீட்டர் என்று இருக்கிறது, இன்னொன்றில் 17,800, வேறொன்றில் 17,500. நேரமும் அப்படித்தான், 19 மணி என்கிறார்கள், 24 என்கிறார்கள், ரிக்கற் போடுகிற இடத்தில் 31 மணி என்று காட்டுகிறது. மனைவி பேர்த் போய் அங்கிருந்து நிற்காமல் லண்டன் போவோம், அதுதான் வேகம் என்று பிடிவாதமாக நிற்கிறா. பயண முகவர் துபாய் வழியைத் தலையில் கட்டப் பார்க்கிறார். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், விலை பற்றிப் பிறகு பார்ப்போம்.

கணக்கு வாத்தியார்:
நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரிதான், ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். 17,016 என்பது பூமி உருண்டையின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நூல் பிடித்தால் வருகிற மிகக் குறுகிய தூரம். அதைக் கோணமாகப் பார்த்தால் 153 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் சொச்சம் என்று பெருக்கிப் பாருங்கள், பதினேழாயிரம் வந்து நிற்கும். உலகத்தில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே 180 பாகை, அதாவது ஏறத்தாழ 20,000 கி.மீ. அதற்கு மேல் போனால் மறுபக்கமாகத் திரும்பி வருவது குறைவாகிவிடும். ஆக நீங்கள் போகப் போவது, மனிதன் போகக்கூடிய மிக நீண்ட தூரத்தில் 85 சதவீதம்!

இந்த நூல் எங்கே விழுகிறது என்பது சுவாரசியம். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இந்தியா, அரேபியா வழியாகப் போவது போலத் தெரியும். உருண்டையில் வைத்தால் குவீன்ஸ்லாந்தைத் தாண்டி, இந்தோனேசியத் தீவுகள், தென்சீனக் கடல், தெற்குச் சீனா, சின்ஜியாங், கசகஸ்தான், அப்புறம் மாஸ்கோவுக்கு வடக்கே போய் பால்டிக் கடல் வழியாக இறங்கும். பிள்ளைகளிடம் ஒரு குளோப் இருந்தால் நூலை வைத்துக் காட்டுங்கள், நம்ப மாட்டார்கள்.

தாழ்வாரம்:
வாத்தியார் சொன்ன அந்தப் பாதையில் இன்றைக்கு லண்டனுக்குப் போகிற பெரும்பாலான விமானங்கள் பறப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரஷ்ய வான்வெளி 2022 பிப்ரவரியில் இருந்து பிரிட்டிஷ், ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது, உக்ரைன் வான்வெளி யாருக்குமே இல்லை. ஆப்கானிஸ்தானை 2021 ஆகஸ்டில் இருந்து பெரும்பாலானவர்கள் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். அதனால் தென்கிழக்காசியாவில் இருந்து லண்டன் போகிறவர்கள் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு குறுகலான சந்துக்குள் நெருக்கியடித்துப் போகிறார்கள், ஈரானில் பிரச்சினை என்றால் அந்தச் சந்து இன்னும் குறுகும்.

நீங்கள் பார்த்த 17,800 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2019 நவம்பரில் அவுஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் ஒரு போயிங் 787-9 விமானத்தை லண்டனில் இருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் பரிசோதனைக்காக ஓட்டியது. ஐம்பது பேர் அளவில்தான் ஏற்றினார்கள். பறந்த தூரம் 17,800 கி.மீ., நேரம் 19 மணி 19 நிமிடம். நூல் தூரத்தைவிட கிட்டத்தட்ட 800 கூடுதல், காற்றையும் வான்வெளியையும் பார்த்து வளைந்து போனதால். இப்போது சிட்னி – லண்டன் நேரடி டிக்கெட் எந்த நிறுவனத்திலும் கிடையாது, ஆகவே 19 மணி என்று எங்கே பார்த்தாலும் அது இந்தப் பரிசோதனையின் எண் அல்லது வெறும் கணித எண்.

ஹாரோ அக்கா:
தம்பி, இவர்கள் எல்லாம் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் நீங்கள் கேட்டது உருண்டையைப் பற்றி இல்லை. நான் லண்டனில் இருந்து சிட்னியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய் வருகிறவள். சிங்கப்பூர் வழி போனால் வாசலுக்கு வாசல் ஒரு முழு நாளும் ஒரு காலைப் பொழுதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தில் இருக்கிற நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஹீத்ரோவில் சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, பெட்டி எடுத்து, கார் பிடித்து ஹாரோ வந்து சேரவே இரண்டு மணி நேரம் போகும். அம்மாவுக்கு அந்தக் கடைசி இரண்டு மணி நேரம்தான் ஆகக் கஷ்டமாக இருக்கும், விமானத்துக்குள் அவ நித்திரை கொண்டுவிடுவா.

தாழ்வாரம்:
சரி, வழிகளைப் பார்ப்போம். எல்லாம் நானே கணக்குப் போட்டது, பத்து இருபது கிலோமீட்டர் அப்படி இப்படி இருக்கலாம்.

சிட்னி – சிங்கப்பூர் 6,300, சிங்கப்பூர் – லண்டன் 10,880. கூட்டினால் 17,180. நூல் தூரத்தைவிட வெறும் 160 கி.மீ. அதிகம்! அதாவது சிங்கப்பூர் கிட்டத்தட்ட வழியிலேயே கிடக்கிறது, பத்து நிமிடப் பறப்புதான் வித்தியாசம். முதல் கட்டம் எட்டு மணி நேரம், இரண்டாவது கட்டம் போகும்போது பதினாலு மணி அளவில். நடுவில் ஒன்றரை இரண்டு மணி நேரம் தரையில். 24 மணிக்குள் முடிந்துவிடும்.

துபாய் வழி 12,040 உடன் 5,480, மொத்தம் 17,500 சொச்சம். இதுதான் நீங்கள் பார்த்த மூன்றாவது எண்ணாக இருக்க வேண்டும். முதல் கட்டமே பதினாலு மணி நேரம், அப்புறம் ஏழரை. தோஹாவும் ஏறக்குறைய இதே கதை. நடுவில் எவ்வளவு காத்திருப்பு என்பதைப் பொறுத்து 24 முதல் 27 வரை போகும். 31 மணி என்று காட்டுவது எங்கேயோ எட்டு மணி நேரம் உட்கார வைக்கிற மலிவு டிக்கெட்.

இப்போது உங்கள் மனைவியின் பேர்த். சிட்னியில் இருந்து பேர்த் 3,280 கி.மீ., மேற்கே போகும்போது ஐந்து மணி நேரம். பேர்த்தில் இருந்து லண்டன் 14,500 கி.மீ., பதினேழரை மணி நேரம். தூரத்தைக் கூட்டினால் 17,780, சிங்கப்பூர் வழியைவிட 600 கி.மீ. அதிகம். நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் சேர்த்தால் 25 அளவில் வந்துவிடும். நிற்காமல் போகிறது என்ற பெயர் பேர்த்காரர்களுக்குத்தான் பொருந்தும், சிட்னிக்காரர்களுக்கு அதுவும் ஒரு முறை இறங்கி ஏறுவதுதான்.

நீலாம்பரி:
@தாழ்வாரம், அண்ணா, நான் பேர்த் கட்சி. நீங்கள் எல்லாவற்றையும் நிமிடத்தில் அளக்கிறீர்கள். பேர்த்தில் இறங்குவது நம் நாட்டுக்குள்ளேயே, இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடு இரவில் வேறு நாட்டில் எழுப்பி நடத்திக்கொண்டு போகிற பாடு இல்லை. பேர்த்தில் ஏறி சாப்பிட்டு ஒரே தூக்கம், ஒன்பது மணி நேரம்கூடத் தூங்கலாம், எழுந்தால் இன்னொரு சாப்பாடு, ஒரு படம், லண்டன். எட்டும் பதினாலுமாக வெட்டினால் முதல் எட்டில் சரியாகத் தூக்கம் பிடிக்கும் நேரத்தில் எழுப்புவார்கள். மொத்த மணி நேரம் ஒன்று கூடினால் என்ன?

தாழ்வாரம்:
@நீலாம்பரி, தூக்கத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் பேர்த் – லண்டன் விமானத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. 2018 மார்ச்சில் அந்தச் சேவை தொடங்கியபோதே 787-9 தன்னால் முடிந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் பறந்தது, 236 இருக்கை. பாதையில் எங்காவது வான்வெளியைச் சுற்ற வேண்டி வந்தால் எரிபொருள் போதாது. 2024 ஏப்ரலில் ஈரான் பக்கம் பதற்றம் வந்தபோது அதுதான் நடந்தது. பேர்த்தில் இருந்து லண்டன் போகிறது சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனது. திரும்பி வருகிற லண்டன் – பேர்த் மட்டும் வழக்கம் போல நிற்காமல் வந்தது. அதே விமானம், அதே இரண்டு ஊர், ஒரு திசையில் முடிகிறது, இன்னொரு திசையில் முடியவில்லை.

கணக்கு வாத்தியார்:
அதற்குக் காரணம் காற்று. விமானம் பறக்கிற பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். வட கோளத்திலும் உண்டு, தென் கோளத்திலும் உண்டு. சில இடங்களில் மணிக்கு 200 கி.மீ. தாண்டும். லண்டன் போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். உங்கள் நாட்டுக்குள்ளேயே பார்க்கலாமே, சிட்னி – பேர்த் ஐந்து மணி நேரம், பேர்த் – சிட்னி நாலு சொச்சம்.

ஒரு சுருக்கு வழி: தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் காற்றில்லாத நேரம் வந்துவிடும். சிங்கப்பூர் – லண்டனுக்கு அப்படிப் போட்டால் பன்னிரண்டரை வரும். அட்டவணையில் பதினாலு என்று இருந்தால் மிச்சம் ஒன்றரை மணி நேரம் எதிர்க்காற்றுக்கும் சுற்று வழிக்கும் கொடுக்கிற விலை.

பறக்கும்பூச்சி:
ஏன் சார், எண்ணெய் போதவில்லை என்றால் பெரிய டேங்க் வைத்தால் முடிந்தது, இதற்கு ஏன் எழுபது வருடமாகத் தவிக்கிறார்கள்?

தாழ்வாரம்:
வைத்தால் அந்த எண்ணெயையும் சுமக்க எண்ணெய் வேண்டும். கட்டுச்சோறு மூட்டையே பாதி பாரம் என்கிற கதை. பதினெட்டாவது மணி நேரத்தில் எரிக்கப் போகிற எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சும்மா தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும், அதற்கே கணிசமாக எரியும். அதனால்தான் நடுவில் இறங்கி நிரப்பிப் போவது மொத்தத்தில் எரிபொருள் மிச்சம், நிற்காமல் போவது நேரம் மிச்சம்.

முடியாது என்றில்லை, 1989 ஆகஸ்டிலேயே குவாண்டாஸ் ஒரு புத்தம்புது 747-400-ஐ லண்டனில் இருந்து சிட்னிக்கு நிற்காமல் கொண்டு வந்தது, 20 மணி 9 நிமிடம். அதற்கு அடர்த்தி கூடிய எரிபொருளைத் தனியாகத் தயாரித்து நிரப்பினார்கள், ஓடுபாதைக்குப் போகிற தூரத்துக்குக்கூட எஞ்சினைப் போடாமல் வண்டி வைத்து இழுத்துப் போனார்கள், காசு கட்டிய பயணிகளை ஏற்றவில்லை. ஆள் ஏற்றாமல் போனால் வியாபாரம் எங்கே? அந்த விமானம் இப்போது வொலொங்கொங் பக்கத்தில் ஷெல்ஹார்பர் விமான நிலைய அருங்காட்சியகத்தில் நிற்கிறது, 2015 மார்ச்சில் சிட்னியில் இருந்து கால் மணி நேரத்துக்குள் பறந்து போய் இறங்கியது. இருபது மணி நேரம் பறந்து சாதனை செய்தது கடைசியாகப் பறந்தது அவ்வளவுதான். ஹோம்புஷ்காரருக்கு ஒன்றரை மணி நேரக் கார் பயணம், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

அடுத்து வரப் போவது ஏர்பஸ் ஏ350-1000-இன் நீள்தூர வகை. 2022 மே மாதம் 12 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். பின்பக்கத்தில் 20,000 லிட்டர் கூடுதல் டேங்க், இருக்கை 238 மட்டும். சாதாரணமாக அந்த விமானத்தில் முந்நூறுக்கு மேல் வைக்கலாம். 22 மணி நேரம் வரை பறக்கும், 2027-இல் சிட்னியில் இருந்து நேரடிச் சேவை என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. டிக்கெட் விலை எப்படி இருக்கும் என்று இப்போதே ஊகிக்கலாம், எழுபது எண்பது இருக்கையை விட்டுக்கொடுத்ததை யாராவது கட்டத்தானே வேண்டும்.

தென்கரை:
கொழும்பை யாருமே சொல்லவில்லையே! கணக்குப் பாருங்கள், சிட்னி – கொழும்பு 8,760, கொழும்பு – லண்டன் 8,710. உலகத்தில் வேறு எந்தப் பெரிய விமான நிலையமும் இவ்வளவு சரிபாதியில் இருக்குமா தெரியவில்லை. மொத்தம் 17,470, துபாய் வழியோடு ஒப்பிட்டால் கொஞ்சம் குறைவுதான். பதினொரு மணி, பதினொரு மணி. ஸ்ரீலங்கன் சிட்னிக்கும் பறக்கிறது லண்டனுக்கும் பறக்கிறது, நாள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. கப்பல் காலத்தில் இங்கிலாந்தில் இருந்து அவுஸ்திரேலியா போன தபால் கப்பல்கள் சூயஸ் தாண்டி கொழும்பிலும் நிலக்கரி எடுத்தன. விமானக் காலத்தில் இன்னும் பெரிய கதை உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழி அறுந்து போனது. 1943-இன் நடுவில் குவாண்டாஸ் பேர்த் ஸ்வான் ஆற்றில் இருந்து கேட்டலினா என்கிற கடல் விமானத்தைக் கிளப்பி, நேராக இலங்கையில் காலி நகரத்துக்குப் பக்கத்தில் கொக்கலை வாவியில் கொண்டு வந்து இறக்கியது. 5,600 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஒரு தீவுகூட நம்ப முடியாது, வானொலி பேசக்கூடாது, நட்சத்திரத்தைப் பார்த்து வழி பிடிக்க வேண்டும். மணிக்கு 200 கி.மீ. அளவில் ஊர்ந்து 27 முதல் 32 மணி நேரம்வரை ஆகாயத்திலேயே இருந்தார்கள். எரிபொருள் பாரத்தால் பயணிகள் மூன்று பேர், கொஞ்சம் தபால், அவ்வளவுதான் ஏற்றலாம். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பதால் இரட்டை உதயம் என்று பெயர் வைத்து, பயணிகளுக்குச் சான்றிதழே கொடுத்தார்கள். 1945 ஜூலைவரை 271 முறை இப்படிக் கடலைத் தாண்டினார்கள். நேரத்தை வைத்துப் பார்த்தால் இன்றைக்குள்ள எந்தப் பயணிகள் சேவையும் அதைத் தாண்டவில்லை.

பறக்கும்பூச்சி:
முப்பத்திரண்டு மணி நேரம்! கழிவறை இருந்ததா ஐயா?

தென்கரை:
இருந்ததா இல்லையா என்பதைவிட, எரிபொருள் தீருவதற்குள் கொக்கலை தெரியுமா என்ற கவலைதான் பெரிதாக இருந்திருக்கும்.

ஹாரோ அக்கா:
வரலாறு நல்லாத்தான் இருக்கு, அந்தத் தம்பியின் அம்மாவை மறந்துவிடாதீர்கள் :)

தாழ்வாரம்:
ஒரே ஒரு வரி அக்கா, அப்புறம் நிறுத்திவிடுகிறேன். 1919-இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்து டார்வின் வர 28 நாள். 1947 டிசம்பர் 1-இல் குவாண்டாஸ் முதல் முறையாகச் சிட்னியில் இருந்து லண்டன்வரை தன் விமானத்தையே கொண்டு போனபோது 29 பயணிகள், நாலு நாள், டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி என்று நின்று நின்று, சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவு ஹோட்டலில் தூங்கிப் போனார்கள். இன்றைக்கு 24 மணி நேரத்துக்கு முனகுகிறோம்.

வார்டு நம்பர் ஏழு:
நான் மெல்பேர்ணில் தாதியாக வேலை செய்கிறேன். 74 வயது, முழங்கால் வருத்தம் என்றால் பதினேழு மணி நேரம் ஒரே இருக்கை என்பதை நான் முதல் தெரிவாக வைக்க மாட்டேன். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் இரத்தக்கட்டி வருகிற வாய்ப்பு கூடத் தொடங்கும், வயது, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, பருமன் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, பயமுறுத்தவில்லை. கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கிற நீள் காலுறை சரியான அளவில் வாங்குங்கள், அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், விழித்திருக்கும்போது மணிக்கு ஒருக்கா எழுந்து நடக்கட்டும், இருந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போடலாமா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், குடும்ப வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிரஷர், சீனி மருந்து இருந்தால் கைப்பையில், பெட்டியில் போடவே கூடாது. நேர மாற்றத்தில் மருந்தை எப்போது கொடுப்பது என்றும் அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இறங்கி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கொஞ்ச நேரம் நடந்தாலே காலுக்கு நல்லது, என் வாக்கு சிங்கப்பூருக்கு.

நீலாம்பரி:
தாதி அக்கா சொன்னால் சரி, அம்மாவுக்காகப் பேர்த்தை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் வளைகுடா வழியை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறீர்கள்? பெரும்பாலும் விலை குறைவு, சைவச் சாப்பாடும் கேட்டால் தருவார்கள்.

வெம்பிளி வாசி:
விலை குறைவு உண்மை. நானும் அப்படித்தான் போவேன். ஆனால் ஜூலையில் வயதானவரோடு என்றால் யோசிக்க வேண்டும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியைச் சில மணி நேரம் மூடினார்கள், அந்தச் சில மணி நேரத்தின் குழப்பம் அடங்க நாட்கள் பிடித்தது, எங்கள் குடும்பத்தில் ஒருவர் நடுவழியில் மாட்டி எங்கோ ஒரு விமான நிலையத் தரையில் படுத்து எழும்பி வந்தார். அவர் இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டிருந்தார், முதல் நிறுவனம் கொண்டு வந்து இறக்கியதோடு கை கழுவியது, இரண்டாவது நிறுவனம் வராதவர் கணக்கில் எழுதி விட்டது. எந்த வழி போனாலும் சிட்னியில் இருந்து லண்டன்வரை ஒரே முன்பதிவில் எடுங்கள். நடுவில் தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் லண்டன்வரை நேராக வரும். நூறு டாலர் மிச்சம் என்று பிரித்து எடுக்காதீர்கள்.

ஹோம்புஷ்காரன்:
எல்லோருக்கும் பெரிய நன்றி. இழையை மனைவிக்கும் காட்டினேன், 600 கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிட்டா. இன்னொரு சந்தேகம், புறப்படுகிற நேரமும் சேருகிற நேரமும் பார்த்தால் போகும்போது பதினாலரை மணி நேரம் மாதிரியும் வரும்போது இரண்டு நாள் மாதிரியும் தெரிகிறது. வரும்போது வேகம் கூட என்றுதானே வாத்தியார் சொன்னார்?

கணக்கு வாத்தியார்:
அட்டவணையில் இருக்கிற இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் சிட்னி லண்டனைவிட 9 மணி நேரம் முன்னால். சிட்னியில் வெள்ளி மாலை 4 மணிக்குக் கிளம்பி 23½ மணி நேரம் போனால், சிட்னி கணக்கில் சனி பிற்பகல் 3:30, லண்டன் கடிகாரத்தில் அப்போது சனி காலை 6:30. காகிதத்தில் பதினாலரை மணி நேரம்தான். திரும்பும்போது லண்டனில் வெள்ளி இரவு 9:30-க்குக் கிளம்பினால் அந்த நொடியே சிட்னியில் சனி காலை 6:30 ஆகிவிட்டது, அதே 23½ மணி நேரம் போட்டாலும் இறங்குவது ஞாயிறு காலை 6 மணி. சனிக்கிழமை என்று ஒன்று உங்களுக்குக் கிடையாது. திங்கள் வேலைக்குப் போக வேண்டும் என்றால் இதை இப்போதே பார்த்து வையுங்கள்.

இந்த 9 ஆண்டு முழுக்க 9 இல்லை. நவம்பர் முதல் மார்ச் கடைசிவரை 11. ஏப்ரல் முதல் வாரத்தையும் அக்டோபர் மாதத்தையும் ஒட்டி, ஒரு நாடு கடிகாரத்தை மாற்றி இன்னொன்று மாற்றாமல் இருக்கிற இடைவெளியில் 10. அந்த நாட்களில் லண்டனுக்கு போன் போட்டு நடு இரவில் ஆளை எழுப்பாதவர்கள் குறைவு.

தாழ்வாரம்:
சிட்னியில் காலை ஆறு மணியை ஒட்டி விமானங்கள் வரிசையாக வந்து இறங்குவதற்குக் காரணம் இரவு 11 முதல் காலை 6 வரை அங்கே ஊரடங்கு, ஒரு சில விதிவிலக்கு தவிர இறங்கவோ ஏறவோ விடமாட்டார்கள். ஹீத்ரோவிலும் இரவில் கட்டுப்பாடு. இரண்டு முனையிலும் கதவு பூட்டுகிற நேரம் இருப்பதால், நடுவில் சிங்கப்பூரில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக்கூடச் சில நேரம் இதுதான் தீர்மானிக்கும்.

ஹாரோ அக்கா:
காலை ஆறரைக்கு ஹீத்ரோவில் இறங்கினால் நல்லது தம்பி, ஆனால் நேராகப் படுக்கைக்குப் போகாதீர்கள். ஜூலையில் இங்கே இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், பிள்ளைகளை வெளியே கொண்டு போய் விளையாட விட்டால் தானாகப் பழகிவிடும். மேற்கே வருவது உடம்புக்குச் சுலபம், திரும்பிப் போய்ச் சிட்னியில்தான் ஒரு வாரம் இரவு இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு இருப்பீர்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து இறங்குகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், மூன்று நாள் முன்னே வாருங்கள், அம்மா மேடையில் தூங்கி விழுந்தால் வீடியோவில் பதிந்துவிடும்.

ஹோம்புஷ்காரன்:
முடிவு செய்தாயிற்று. போகும்போது சிங்கப்பூரில் ஒரு இரவு நின்று போகிறோம், அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போக ஆசை. வரும்போது இரண்டு மணி நேரம் நின்று நேராக வருகிறோம். எல்லாம் ஒரே முன்பதிவு. எங்கள் எல்லோருக்கும் அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட், அம்மாவுக்கு மட்டும் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். ஏதும் செய்ய வேண்டுமா?

வெம்பிளி வாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா! அம்மாவுக்கு லண்டனுக்கு முறையான வருகையாளர் விசா வேண்டும், கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், ஜூலை என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். கல்யாணப் பத்திரிகை, பெரியம்மா வீட்டில் இருந்து அழைப்புக் கடிதம், நீங்கள் செலவை ஏற்கிறீர்கள் என்பதற்கான வங்கிக் கணக்கு, அவுஸ்திரேலியாவில் அவவின் வதிவிட விசா, இவ்வளவும் சேர்த்துக் கொடுங்கள். அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பி வருகிற அனுமதி காலாவதி ஆகவில்லையா என்றும் பாருங்கள், அதை மறந்து மாட்டுப்பட்டவர்கள் நிறைய.

உங்கள் நாலு பேருக்கும் விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரி 8-இல் இருந்து அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட்டுக்கும் பிரிட்டனுக்குள் வர மின்னணுப் பயண அனுமதி தேவை. கைபேசிச் செயலியில் எடுக்கலாம், பிள்ளைகளுக்கும் தனித்தனியாக. இரண்டு ஆண்டு செல்லும். கூகுளில் தேடி முதலில் வருகிற தளத்தில் கட்டாதீர்கள், இடைத்தரகர் தளங்கள் மூன்று மடங்கு வாங்கும், அரசின் தளத்திலேயே போங்கள்.

தென்கரை:
சிங்கப்பூருக்குள் போவதற்கு எல்லோரும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருகிற நாளோடு மூன்று நாளுக்குள், பணம் கிடையாது. அதற்கும் தரகர் தளம் உண்டு, கவனம். அப்புறம், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி மூன்று விமான நிலையத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று நிறுவனத்துக்கு அழைத்துக் கேளுங்கள். சிட்னியில் மட்டும் போட்டுவிட்டு மற்ற இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஹோம்புஷ்காரன்:
விசா விண்ணப்பத்தை இன்று இரவே திறக்கிறேன். நாற்காலி இப்போதுதான் அழைத்துக் கேட்டேன், தென்கரை சொன்னது போலவே சிட்னிக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டுக்கும், திரும்பி வருகிற பயணத்துக்கும் சேர்த்தாயிற்று.